மதகுக்குக் கீழே கேட்டது

ரிக்கற் கிழிப்பவர் ஊரைக் கேட்டார்.
தம்பலகாமம் என்றேன்.
இப்போது இருப்பது உவர்மலையில், வாடகைக்கு.
ஆனாலும் வாய் முந்திவிட்டது.
மிச்சக்காசைக் குற்றியாகத் தந்துவிட்டு
நிழல் பக்கமாகப் போகச் சொன்னார்,
இரும்பு சுடும் என்றார், நல்ல தமிழில்.

யதுர்சன் அதற்குள் ஓடிவிட்டான்.
பதினொரு வயது.
போன் விளையாட்டில் இவற்றையெல்லாம்
ஓட்டியிருக்கிறானாம், எரித்துமிருக்கிறானாம்.
"இது சங்கிலிச் சில்லு, இது ரயர்,
இதின்ர தகடு எத்தினை மில்லிமீற்றர் தெரியுமா?"
எனக்குத் தெரியாது.
புதுப் பச்சை பூசி,
சுற்றிவர வெள்ளையடித்த கல் அடுக்கி,
திருவிழா முடிந்து கொட்டகைக்குள் விட்ட
வாகனங்கள்போல நிற்கின்றன.
மூன்று மொழியில் பலகை.
ஏறக்கூடாது என்பதில்
ஏகாரத்தின் காலை
எங்கோ விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"அம்மா, உங்கட றோட்டால வந்தது எது?"

ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.
ஒன்றையும் அடையாளம் தெரியவில்லை.
எப்படித் தெரியும்.
நாங்கள் ஏழுபேர் மதகுக்குக் கீழே,
வயலில் இருந்து வடிந்த தண்ணீர் முழங்காலுக்கு,
உச்சிக்கு மேல் ஒரு சாண் கொங்கிறீற்று,
அதற்கு மேல் அது.
காதில் அல்ல, பல்லில் கேட்டது.
என் வாயைப் பொத்தியிருந்த
அம்மாவின் உள்ளங்கையில் கருவாட்டு மணம்.
ஐந்து போனது, எண்ணினேன்.
அம்மா ஆறு என்பா.
முப்பது வருசம் இதற்காகச் சண்டை பிடித்தோம்,
சோறு போடும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும்.
ஆறாவது போகையில் நான்
அவவின் கைக்குள் மூச்சற்றுக் கிடந்தேன் என்பதை
ஒருநாளும் சொல்லவில்லை.
பெரியம்மா சொன்னா,
அம்மாவின் செத்தவீட்டில், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு.

காவலுக்கு நின்ற பொடியனைக் கேட்டேன்:
தம்பி, இதை ஒருக்கா ஸ்ரார்ட் பண்ண ஏலுமா?
அவன் சிரித்தான். சட்டையில் பெயர் இருந்தது,
எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது.
"எஞ்சின் இல்ல அக்கா. உள்ளுக்கு காத்து மட்டும்."
முட்டிக்கையால் ஒருதரம் தட்டிக் காட்டினான்.
டொங் என்றது,
கோடையில் வற்றிய தண்ணீர்த் தாங்கிபோல.
இதில்லை என்றேன்.
என்ன விளங்கியதோ, தலையாட்டினான்.
அப்போது அவன் பிறந்தே இருக்கமாட்டான்.

கோட்டைப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும்,
புள்ளிமான் ஒன்று
சங்கிலியில் கொம்பை உரசிவிட்டு
யாரோ போட்ட சோற்றுப்பார்சல் தாளைத் தின்றது.
யதுர்சன் டாங்கிகளை விட்டுவிட்டு
அதைப் படம் எடுத்தான். பதினேழு படம்.
நானும் சங்கிலியைத் தொட்டேன்.
சுடும் என்றது உண்மைதான்.

வெளியே உட்துறைமுக வீதியில்
குழாய் புதைக்கிறார்கள்.
ஐஸ்கிறீமுக்குக் காசு எண்ணிக்கொண்டு நின்றேன்.
முதுகுக்குப் பின்னால்
பெக்கோ ஒன்று நகர்ந்தது,
தார் றோட்டில், சங்கிலிச் சில்லில்.

குற்றிகள் நிலத்தில்.
அவன் தலை என் வயிற்றோடு.
என் கை அவன் வாயில்.
எப்போது வைத்தேன், தெரியாது.
விளையாட்டென்று நினைத்து முதலில் சிரித்தான்.
உள்ளங்கைக்குள் அந்தச் சிரிப்பு
சூடாய் முட்டி முட்டிப்
பிறகு நின்றது.

அப்போதுதான் எடுத்தேன்.

இழுத்து ஒரு மூச்சு விட்டான்.
உதட்டைத் துடைத்தான்.
"உங்கட கை இரும்பு மணக்குது" என்றான்.
வேறொன்றும் கேட்கவில்லை.
பெக்கோக்காரர் எஞ்சினை நிற்பாட்டி இறங்கிவந்து
மண்ணுக்குள் கிடந்த குற்றிகளைப் பொறுக்கித்
துடைத்து என் கையில் வைத்தார்.
"எண்ணிப் பாருங்கோ அக்கா," என்றார்,
"ஒண்டு குறையுதோ தெரியேல்ல."